வினார்னி அம்மையாரின் தாளில் காலியாக இருந்த கட்டம்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் சுதர்சோனோ அவர்களே, என்னோடு பணியாற்றும் மருத்துவர்களே, செவிலியர் சங்கத்துப் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் வினார்னி அம்மையாரின் கணவர் பர்ஜோ ஐயா அவர்களே, எங்கள் இதய வால்வுப் பிரிவின் நோயாளிகளே, அவர்களுக்குத் துணையாக வந்திருக்கும் கணவன்மார்களே, மனைவிமார்களே, மாமியார்களே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும்.

இன்னும் சிலருக்கு நான் தனியாக வணக்கம் சொல்லியாக வேண்டும். இந்த அரங்கம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. படியேறி வரும் வழியில், சுவரில் மாட்டியிருக்கும் பழைய இயக்குநர்களின் புகைப்படங்களை நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, பதினொரு பேர், உங்களுக்குத்தான் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளாக இந்த மருத்துவமனையில் இருக்கிறேன். அந்தப் படங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இன்றைக்கு என்ன திடீர்ப் பாசம்? ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்தார். அவர் காலில் வார் இல்லாத செருப்பு! உங்கள் அனைவருக்கும் என் தனி வணக்கம். உங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஏனென்றால் மறைந்த தலைமைச் செவிலியர் வினார்னி அம்மையார் பத்தொன்பது ஆண்டுகளாக உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பேச வேண்டியதைத் தட்டச்சு செய்தும் கொடுத்திருக்கிறார்கள். நல்ல தாள், நல்ல எழுத்து. முதல் வரியிலேயே ‘திடீர் மறைவு’ என்று இருக்கிறது.

அவையோரே! நாற்பது நாளாக இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் திடீர் மறைவு. வாசலில் வைத்த இரங்கல் மலர்ப் பலகையில் திடீர் மறைவு. தலைமை அலுவலகம் அனுப்பிய கடிதத்தில் திடீர் மறைவு. எது திடீர்? யாருக்குத் திடீர்? வினார்னி அம்மையார் ஆறு வாரமாக இறந்துகொண்டிருந்தார்! இந்தக் கட்டடத்துக்குள், இத்தனை இதய மருத்துவர்களுக்கு நடுவில், என் கண்ணெதிரில் இறந்துகொண்டிருந்தார். அதை நான் எப்படிப் பார்க்கத் தவறினேன் என்று சொல்வதற்காகத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். பூசி மெழுக வரவில்லை. இயக்குநர் அவர்கள் என்னைப் பார்க்கிறார். பார்க்கட்டும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. இந்த வயதில் என்னை எங்கே தூக்கிப் போடுவார்கள்?

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். இதய நோயாளி எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதை நாங்கள் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டு எழுதுவோம். ஒன்று என்றால் எந்தச் சிரமமும் இல்லை. இரண்டு என்றால் கொஞ்சம். மூன்று என்றால் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். நான்கு என்றால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கும். கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுப் புது வால்வு வைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பட்டியலில் முதலில் போகிறவர்கள் மூன்றும் நான்கும். இரண்டு என்று எழுதப்பட்டவர் காத்திருக்க வேண்டும். ஆக, அந்த ஓர் எண்ணில் ஓர் ஆளின் உயிர் இருக்கிறது. அதை எழுதுவது யார்? நாங்கள். எதை வைத்து எழுதுகிறோம்? நீங்கள் சொல்வதை வைத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? ‘ஒண்ணும் இல்லீங்க டாக்டர்!’

சிரிக்கிறீர்கள். நானும் சிரிப்பேன், என் கைப்பட எழுதிய எண்களை மறந்துவிட முடியுமென்றால்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமைக் காலை. துமினெம் அம்மா என் எதிரில் உட்கார்ந்தார். அதோ, ஐந்தாவது வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அப்போது அவருக்கு முப்பத்துநான்கு வயது. போயோலாலி மலைச்சரிவில் பால் வியாபாரம். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதய வால்வு ஒன்றைச் சுருக்கி வைத்திருந்தது.

“மூச்சு வாங்குதாம்மா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க டாக்டர்.”

“மாடிப்படி ஏறினா?”

“எங்க வீட்ல மாடியே இல்லீங்களே.”

“தூக்கம் எப்படி?”

“நல்லா தூங்கறேங்க. கொஞ்சம் காத்து புகுந்திருக்கு, அவ்வளவுதான்.”

காற்று! நம் ஜாவாக்காரர் உடம்பில் எதற்குத்தான் காற்று புகவில்லை? தலைவலி என்றால் காற்று. வயிறு உப்பினால் காற்று. மாமனார் வீட்டு விருந்துக்குப் போக மனமில்லை என்றாலும் காற்று. முதுகில் எண்ணெய் தடவி, நாணயத்தால் வரி வரியாகச் சுரண்டிவிட்டால் காற்று வெளியே போய்விடும் என்பது நம் கணக்கு. நானும் அதே மண்ணில் பிறந்தவன்தானே? தலையை ஆட்டிக்கொண்டு ‘இரண்டு’ என்று எழுதினேன். மொத்தம் மூன்று நிமிடம். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அடுத்த ஆள் வரவில்லை. வினார்னி அம்மையார் வந்தார். குழந்தைகள் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல், கையில் துமினெம் அம்மாவின் தாள்.

“டாக்டர், இவங்க முதுகைப் பார்த்தீங்களா?”

“நான் நெஞ்சுக்கு டாக்டர்ம்மா. முதுகுக்கு இல்ல.”

“கொஞ்சம் வந்து பாருங்க டாக்டர்.”

எரிச்சலோடு எழுந்து போய்ப் பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை வரி வரியாகக் கோடுகள். நேற்றுச் சுரண்டியது சிவப்பு. நாலு நாள் முந்தையது பழுப்பு. அதற்கும் முந்தையது மங்கிய மஞ்சள். ஒன்றின் மேல் ஒன்றாக, வெற்றுத் தோல் தெரியாத அளவுக்கு.

“ஒருநாள் காத்து புகுந்தா ஒரு தடவை சுரண்டுவாங்க. இவங்க தினமும் சுரண்டியிருக்காங்க டாக்டர்,” என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

“அக்கா, நின்னு தொழறீங்களா, உட்கார்ந்து தொழறீங்களா?”

“உட்கார்ந்துதான். முட்டி வலி.”

“முட்டியா? நெத்திய தரையில வைக்கறப்ப என்ன ஆகுது?”

“தண்ணிக்குள்ள முங்கற மாதிரி இருக்கும்மா.”

“பால் கேனை யாரு தூக்கறது?”

“மாமியாரு. ஆறு மாசமா.”

“அவங்களுக்கு என்ன வயசு?”

“எழுபத்தொண்ணு. என்னைத் திட்டிக்கிட்டேதான் தூக்கறாங்க.”

“ராத்திரி படுத்துத் தூங்கறீங்களா?”

“சுவத்துல சாஞ்சுக்கிட்டு. படுத்தா எனக்குப் புடிக்கறதில்ல.”

புடிக்கறதில்ல! கவனியுங்கள் அவையோரே. அந்த அம்மா என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டேன், தூங்குகிறேன் என்றார். படுத்துக்கொண்டா தூங்குகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். எப்படி வாங்கும்? மூச்சு வாங்கவைக்கும் வேலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டாரே!

வினார்னி அம்மையார் என் ‘இரண்டு’க்குப் பக்கத்தில் பென்சிலால் ‘நான்கு’ என்று எழுதினார். எனக்கு வந்ததே கோபம்!

“ஏம்மா, நீ என்ன டாக்டரா?” என்று கத்தினேன். வெளியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

“இல்லீங்க டாக்டர். நான் நோயாளி.”

சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். “கேக்குதா?” என்றார். கேட்டது. கைக்கடிகாரம் ஓடுவதுபோல் டிக், டிக் என்று. இருபத்திரண்டு வயதில் அவருக்கு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அந்த நிமிடம்வரை எனக்கு அது தெரியாது. “எனக்கும் அப்போ ஒண்ணும் இல்லன்னுதான் சொல்ல வந்துச்சு டாக்டர். என் டாக்டரும் உங்கள மாதிரி நல்லவர்தான். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டார்,” என்றார்.

அந்த ‘நல்லவர்’ என்ற சொல் இருக்கிறதே, அதைவிடப் பச்சையாக என்னை யாரும் திட்டியதில்லை.

பன்னிரண்டாவது நாள் துமினெம் அம்மாவுக்குப் புது வால்வு வைக்கப்பட்டது. இன்றைக்கு ஐம்பத்துமூன்று வயது. பால் கேனை அவரே தூக்குகிறார். மாமியார் இப்போது வேறு காரணங்களுக்காகத் திட்டுகிறாராம்.

அந்த வாரத்திலிருந்துதான் நம் பிரிவின் தாளில் இரண்டு கட்டங்கள் வந்தன. இடப்பக்கம் ‘நோயாளி சொன்னது’. வலப்பக்கம் ‘மருத்துவர் எழுதியது’. நோயாளி என்னைப் பார்ப்பதற்கு முன்பே செவிலியர் அவரையும் துணைக்கு வந்தவரையும் உட்காரவைத்துப் பேசி இடப்பக்கத்தை நிரப்பிவிடுவார். இரண்டு எண்ணுக்கும் இடையே ஒன்று வித்தியாசம் இருந்தால் நான் மறுபடியும் கேட்க வேண்டும். இரண்டு வித்தியாசம் இருந்தால் நாற்காலியை விட்டு எழுந்து, நோயாளியோடு அந்த நீளத் தாழ்வாரத்தை ஒரு முறை நடந்துவிட்டு வர வேண்டும். இது வினார்னி அம்மையார் போட்ட சட்டம். என் சர்க்கரை நோய் கட்டுக்குள் இருக்கிறதென்றால் அந்தச் சட்டம்தான் காரணம்.

‘மூச்சு வாங்குதா?’ என்ற கேள்வியை அவர் எங்கள் அறையிலிருந்து துரத்திவிட்டார். ‘போன வருஷம் செஞ்ச எதையெல்லாம் இப்ப விட்டுட்டீங்க?’ என்று கேட்பார். சந்தைக்குப் போறது யாரு? தலைகாணி எத்தனை? கல்யாண வீட்டுல நின்னு சாப்பிடறீங்களா, நாற்காலி தேடறீங்களா? சமைக்கறப்ப முக்காலி எப்ப வந்துச்சு? மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாராவது முக்காலியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்களா?

அறுவை முடிந்த பிறகும் அவர் விடமாட்டார். எங்களுக்கு அதில் இன்னொரு நோய் உண்டு. நாங்களே வைத்த வால்வு ஆயிற்றே! ஸ்கேன் படத்தில் அழகாகத் திறந்து அழகாக மூடும். அந்தப் பெருமையில் ‘ஒன்று’ என்று எழுதிவிடுவோம். ஒரு பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர் வந்திருந்தார். வால்வு வைத்து ஆறு மாதம். “நல்லா இருக்கேன் டாக்டர், அல்லாவோட கருணை,” என்றார். பக்கத்திலிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்னக்கா சிரிப்பு?” என்று கேட்டார் வினார்னி அம்மையார்.

“ஒரு பாங்கை ரெண்டு தவணையா சொல்றாரும்மா. நடுவுல தெருவே நின்னு காத்துக்கிட்டிருக்கு.”

பார்த்தால், வால்வு நன்றாக இருந்தது, இதயத் தசை களைத்திருந்தது. மருந்தை மாற்றினோம். இப்போது ஒரே மூச்சில் சொல்கிறார். அதேபோல், நான் ‘மூன்று’ என்று எழுதிய ஒரு பள்ளி ஆசிரியைக்கு வினார்னி அம்மையார் ‘ஒன்று’ என்று எழுதிய கதையும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு உடம்பில் எதுவும் இல்லை. உள்ளே கேட்கும் டிக் டிக் சத்தம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அசையாமல் கிடந்தாள். வினார்னி அம்மையார் தன் நெஞ்சில் அவள் காதை வைத்துக் கேட்கவைத்து, கையைப் பிடித்து மூன்று மாடி ஏற்றி இறக்கினார். ஆகவே நோயாளிகளுக்காக எண்ணைக் கூட்டிப் போட்டவர் என்று யாரும் அவர்மேல் பழி போட வேண்டாம். உண்மை எங்கே இருந்ததோ அங்கே போனார்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு சுற்றறிக்கை வந்தது. வரும் முதல் தேதியிலிருந்து, அதாவது இன்னும் நான்கு நாளில், எல்லாம் கணினியில் ஏறுகிறது. கணினியில் ஒரே ஒரு கட்டம்தான். மருத்துவர் எழுதும் எண் மட்டும். இரண்டு எண் இருந்தால் குழப்பமாம். நோயாளிகள் உணர்ச்சிவசப்பட்டு மிகைப்படுத்துகிறார்களாம். யார், நம் ஜனங்களா? மருத்துவர் முன்னால் உட்கார்ந்து ‘முடியவில்லை’ என்று சொல்வது, விருந்துக்குப் போன வீட்டில் தேநீர் ஆறிப்போயிருக்கிறது என்று சொல்வதுபோல் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற நம் ஜனங்களா மிகைப்படுத்துகிறார்கள்?

அந்தச் சுற்றறிக்கை பற்றிய கூட்டத்தில் வினார்னி அம்மையார் இயக்குநரிடம் சொன்னார்: “டாக்டர் வால்வு எவ்வளவு தூரம் திறக்குதுன்னு எழுதறார் ஐயா. இவங்க தண்ணி வாளி தூக்க முடியுதான்னு சொல்றாங்க. ரெண்டும் வேற வேற கேள்வி. ஒரு கட்டத்துல எப்படிப் போடுவீங்க?”

இதை அவர் உட்கார்ந்துகொண்டே சொன்னார். இயக்குநரிடம் பேசும்போது எழுந்து நிற்காத வினார்னி அம்மையாரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கோபத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள் நான்! கூட்டத்தில் என் கருத்தைக் கேட்டார்கள். ‘பார்க்கலாம்’ என்றேன். முப்பது ஆண்டு அனுபவம் உள்ள இதய மருத்துவர் திருவாய் மலர்ந்தது அந்த ஒரு சொல்தான்.

அதற்கு அடுத்த வாரம், புதன்கிழமை, அவருடைய ஆண்டுப் பரிசோதனை. ஆண்டுதோறும் நான்தான் பார்ப்பேன். என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லீங்க டாக்டர். வயசாகுதில்ல?”

சிரித்தார். நானும் சிரித்தேன். சுற்றறிக்கை பற்றிப் பேசினோம். பேசிக்கொண்டே ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இரண்டு நொடி வைத்திருப்பேன். வலப்பக்கக் கட்டத்தில் ‘ஒன்று’ என்று எழுதினேன். ஒன்று என்று எழுதியதால் அவருடைய ஸ்கேன் பரிசோதனைக்கு மூன்று வாரம் தள்ளித் தேதி கிடைத்தது. மூன்று என்று எழுதியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பார்கள்.

பதினாறாவது நாள் காலை, நோயாளிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது தாழ்வாரத்தில் விழுந்தார். வால்வில் இரத்தக்கட்டி அடைத்திருந்தது. இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஒருநாளும் தவறவிடாதவர். ஆனாலும் அடைத்திருந்தது. அன்றே அறுவை செய்தோம். மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஏழாம் நாள் பிரார்த்தனைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ரயில்வே கேட்டில் முப்பது ஆண்டு வேலை பார்த்த பர்ஜோ ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஐயா, இதைச் சொல்லச் சொல்லி நீங்கள்தான் கேட்டீர்கள். சொல்கிறேன்.

“டாக்டர், ஒண்ணு கேக்கணும். நாலு தலைகாணி வெச்சுத் தூங்கினா. அது தப்புங்களா?”

“எத்தனை நாளா?” என்றேன்.

“ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். தினமும் முதுகு சுரண்டிவிடச் சொல்லுவா. சுரண்டிவிட்டேன். தொழுகைக்கு நாற்காலி போட்டுக்கிட்டா. அப்புறம் அந்தச் சத்தம் டாக்டர்...”

“எந்தச் சத்தம்?”

“அவ நெஞ்சுச் சத்தம். முப்பது வருஷமா அதைக் கேட்டுக்கிட்டுத்தான் தூங்கினேன். கடைசி மூணு வாரம் சரியாவே கேக்கல. வால்வு இப்பதான் நல்லா படிஞ்சிருக்கு போலன்னு நினைச்சு அவகிட்ட சொன்னேன். சிரிச்சா.”

“ஏன் ஐயா என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே டாக்டர்.”

அவையோரே! கட்டி அடைத்ததால் அந்தச் சத்தம் மங்கியிருந்தது. அன்று இரண்டு நொடியில் நான் கண்டுகொள்ளாத அந்த மாற்றத்தை, ரயில்வே கேட்டில் வேலை பார்த்த மனிதர் தலையணையில் படுத்தபடி கேட்டிருக்கிறார். நாற்பது பேருடைய முதுகை ஒரே காலையில் படிக்கத் தெரிந்த அந்த அம்மையார், தன் முதுகுக் கோடுகளை வெள்ளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு எங்களுக்கு நடுவே நடமாடியிருக்கிறார். தொழுகை அறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொழுததை நானே பார்த்தேன். முட்டி வலி என்று நினைத்தேன். முட்டி வலி!

மறுநாள் அவருடைய தாளை எடுத்துப் பார்த்தேன். என் ‘ஒன்று’ இருந்தது. இடப்பக்கக் கட்டம் காலியாக இருந்தது. ஏன் தெரியுமா? இடப்பக்கத்தை நிரப்புவது செவிலியர் வேலை. அந்த அறையின் செவிலியர் அவர்தான். அவரே நிரப்பியிருப்பார் என்று மற்ற செவிலியர்கள் நினைத்தார்கள். வினார்னியிடம் யாராவது முக்காலியைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டுமா என்று நான் நினைத்தேன். பத்தொன்பது ஆண்டுகளில், எங்கள் பிரிவில் இடப்பக்கக் கட்டம் காலியாகப் போன ஒரே தாள் அவருடையது. அதில்தான் உயிர் போயிற்று.

அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கும். பர்ஜோ ஐயாவிடம் சொல்லியிருக்கிறார்: “முதல் தேதி அந்தப் பேப்பர் விஷயம் முடியட்டும், அப்புறம் படுத்துக்கறேன். இப்ப எனக்கு முடியலன்னு சொன்னா, பாரு, நோயாளி அழுகறான்னு சொல்லித் தள்ளிடுவாங்க.”

இரங்கல் கூட்டத்தில் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் வருகிறது. வினார்னி அம்மா! நீங்கள் செய்தது தவறு! ஊரையெல்லாம் வாயைத் திறக்கவைத்துவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டது பெரும் தவறு! உங்கள்மேல் எனக்குத் தீராத கோபம். அதைவிட நூறு மடங்கு கோபம் என்மேல். உங்கள் இடம் காலியாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது.

ஆகவே நான் செய்ததையும் செய்யப்போவதையும் இந்த அவையின் முன் சொல்லிவிடுகிறேன். மரண ஆய்வுக் குழுவுக்கு இன்று காலை என் கைப்படக் கடிதம் கொடுத்துவிட்டேன். அதில் ‘திடீர்’ என்ற சொல் கிடையாது. நோயாளியின் சிரமத்தை மருத்துவர் தவறாக மதிப்பிட்டார், அந்த மருத்துவர் குந்தோரோ ஆகிய நான் என்று எழுதியிருக்கிறேன். என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுக்கட்டும். தாராளமாக எடுக்கட்டும்.

இரண்டாவது, வரும் முதல் தேதி என் அறையில் இரண்டு கட்டமும் இருக்கும். கணினி ஏற்காதென்றால் காகிதத்தில் இருக்கும். காகிதம் தரமாட்டீர்கள் என்றால் என் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் இருக்கும். வால்வு அறுவைப் பட்டியல் மூன்று பேர் கையெழுத்தில்லாமல் நகராது. அந்த மூவரில் நான் ஒருவன். நோயாளி சொன்ன எண் இல்லாத பட்டியலில் இந்தக் கை கையெழுத்துப் போடாது! இயக்குநர் அவர்களே, அன்று ‘பார்க்கலாம்’ என்றேனே, அந்தச் சொல்லை இதோ இந்த மேடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மாட்டேன் என்கிறேன். நான்கு மாதத்தில் நான் போய்விடுவேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், பின்னால் நிற்கும் ஏழு செவிலியர்களைத் திரும்பிப் பாருங்கள். அவர்கள் வினார்னி அம்மையாரிடம் வேலை பழகியவர்கள். அவர்களில் மூத்தவருக்கே ஓய்வுக்கு இன்னும் இருபத்தாறு ஆண்டு இருக்கிறது.

பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. மணி அடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. நன்றி.

நிகழ்ச்சி நிரலில் இப்போது எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் என்று இருக்கிறது. நிற்போம். ஆனால் ஒரு வேண்டுகோள். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவருக்கு அதில் மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் சும்மா உட்காரக் கூடாது. ‘என்னால முடியல’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். எழுந்திருங்கள்.

என்ன இது? எல்லோருமே எழுந்துவிட்டீர்களே! ஒருவர்கூடவா இல்லை?

கடைசி வரிசையில், நீலத் தலைத்துணி, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா. ஆமாம், உங்களைத்தான். எப்படி இருக்கிறது? சத்தமாகச் சொல்லுங்கள். ‘ஒண்ணும் இல்லீங்க டாக்டர்’ என்கிறார். அம்மா, இன்றைக்குமா? இவ்வளவும் கேட்ட பிறகுமா? உங்கள் உதடு நீலம் பூத்திருப்பது மேடையிலிருந்தே தெரிகிறதே. என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். என்ன? இன்னும் சத்தமாக.

‘முடியல டாக்டர். நிக்க முடியல.’

கேட்டீர்களா? எல்லோருக்கும் கேட்டதா? உட்காருங்கள் அம்மா, உட்காருங்கள். உங்கள் பெயர் என்ன? சுமார்சிஹ். ஆமாம், போன செவ்வாய்க்கிழமை நான் பார்த்தேன். ‘இரண்டு’ என்று எழுதினேன். என் கையெழுத்துதான், எனக்கு நினைவிருக்கிறது. அதோ அந்தப் பக்கம் இன்னொருவர், ‘எனக்கும் முடியல’ என்கிறார். அங்கே ஓர் ஐயா. சொல்லுங்கள், வெட்கப்படாமல் சொல்லுங்கள். செவிலியர்களே, பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

சுமார்சிஹ் அம்மாவைக் கீழே என் அறைக்கு இப்போதே கொண்டுபோகிறேன். நடக்க வேண்டாம் அம்மா, அந்த நாற்காலியோடு தூக்கிக்கொள்கிறோம். இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன். இயக்குநர் அவர்களே, வாருங்கள், அந்தப் பக்கத்தை நீங்கள் பிடியுங்கள்.